கம்பஸ் பிள்ளையளோ?

"கம்பஸ் பிள்ளையளோ?"

படலையைத் திறந்த அம்மா எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். நாங்கள் நாலு பேர். இரண்டு சைக்கிள், ஒரு ஸ்கூட்டி. கையில் ஒரு கூடை. கூடைக்குள் கழுவின தண்ணீர்ப் போத்தல்கள், அளவு நாடா, ஒரு மொனிற்றர் கொப்பி, பிறகு மருந்துக் குப்பி மாதிரி ஒரு சின்னக் குப்பி. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு ஒரு விநாடி ஆளையாள் பார்த்தோம்.

"ஓம் அம்மா" என்றோம்.

நாங்கள் கம்பஸ் இல்லை. நாலு பேரும் உயர்தரம் எடுத்தவர்கள், நாலு பேருக்கும் இசட் ஸ்கோர் காணாது. ஒருத்திக்குப் புள்ளி நாலாம் தசமத்தில் போனது, இன்னொருவனுக்கு எங்கேயோ தூரத்தில் போனது. வீட்டில் விழுந்த பேச்சு மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவு. பிறகு உயர் தேசிய டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்து உள்ளே வந்தோம். எங்களில் இரண்டு பேர் ஐரி, ஒருத்தி கணக்கியல், ஒருத்தி ஆங்கிலம். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் "இப்ப என்ன செய்யிறியள்?" என்று கேட்டால் "எச்என்டி" என்று சொல்லுவோம். கேட்டவர் "ஆ" என்பார். அந்த "ஆ"வின் நீளத்தை இதை வாசிக்கிற உங்களில் பல பேருக்குத் தெரியும்.

அன்றைக்கு அந்தப் படலையடியில் சொன்ன "ஓம்" அந்த "ஆ"வுக்குப் பயந்து வந்ததுதான். சின்னப் பொய்தானே என்று நினைத்தோம். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

இது தொடங்கியது ஒரு வொய்ஸ் மெசேஜில். எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவின் மகள் நியூயோர்க்கில் கொமியூனிற்றி கொலிஜ் ஒன்றில் படிக்கிறா. அங்கே அது இரண்டு வருஷப் படிப்பு. பெரிய புள்ளி தேவையில்லை, பாடசாலை முடித்தவர் அநேகமாக யாரும் சேரலாம், முடித்துவிட்டு விரும்பினால் நாலு வருஷப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அக்கா பகலில் வகுப்பு, பின்னேரத்தில் ஒரு கடையில் வேலை. அங்கேயும் சொந்தக்காரர் "கொமியூனிற்றி கொலிஜோ, ஆ" என்றுதான் இழுக்கிறார்களாம். அந்த மெசேஜில் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "இண்டைக்கு மண் கிண்டினனாங்கள். எங்கட வைரஸுக்கு நான் பேர் வைக்கப்போறன்."

விசாரித்தோம். அமெரிக்காவில் ஹவார்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 2008 இல் தொடக்கிவைத்த ஒரு திட்டம் இருக்கிறது. முதலாம் வருஷ மாணவர்களே மண்ணை எடுத்து, அதிலே பக்ரீரியாக்களைத் தாக்கி வாழும் வைரஸ்களைத் தேடிப் பிரித்தெடுக்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் வைரஸ் முந்தி ஒருவரும் காணாததாக இருக்கலாம். கண்டுபிடித்த மாணவரே அதற்குப் பெயர் வைக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்களோடு சில கொமியூனிற்றி கொலிஜ்களும் இதில் சேர்ந்திருக்கின்றன.

அதுக்குப் பிறகு எங்களுக்கு இதே வேலை. நியூயோர்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் கொமியூனிற்றி கொலிஜை மையமாக வைத்து, கொமியூனிற்றி கொலிஜ் மாணவர்களை ஆய்வுக்குள் கொண்டுவரவென்றே ஒரு வலையமைப்பு இயங்குகிறது. நியூயோர்க் நகரத்தின் பொதுப் பல்கலைக்கழகமான கியூனியில் ஏழு கொமியூனிற்றி கொலிஜ்கள் உண்டு. அங்கே இரண்டு வருஷப் படிப்புப் படிக்கிறவர்களை ஒரு பேராசிரியரோடு சேர்த்துவிட்டு, உதவிப் பணமும் கொடுத்து ஆய்வு செய்யவைக்கிற திட்டம் இருக்கிறது. அந்த நாட்டுத் தேசிய விஞ்ஞான நிதியம் 1987 இலிருந்து இளநிலை மாணவர்களுக்குக் கோடைகால ஆய்வு வாய்ப்புக் கொடுத்து வருகிறது. ஆய்வு வசதி குறைந்த கல்லூரிகளில் படிக்கிறவர்களையும் சேர்க்கச் சொல்லி அதன் அறிவிப்பிலேயே இருக்கிறது.

"அப்ப நீங்களும் கோடைக்குப் போகலாமே அக்கா?" என்று கேட்டோம். "எனக்கு வேலையை விடேலாது. பத்துக் கிழமை வேற ஊரில போய் நிண்டா வாடகையை ஆர் கட்டுறது? வகுப்புக்குள்ளயே ஆய்வு வைச்சபடியாத்தான் எனக்கு இது கிடைச்சது" என்றா. இந்த வசனத்தை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு திரும்பி வருவோம்.

அன்றிரவு எங்கட வட்ஸ்அப் குழுவில் ஒருவன் போட்டான்: "மண் கிண்ட விசா வேணுமோ?"

விசா தேவையில்லை. கேள்விதான் தேவை. யாழ்ப்பாணத்தில் கேள்வியைத் தேடித் தூரம் போகவேண்டியதில்லை, கிணற்றை எட்டிப் பார்த்தால் போதும்.

எங்கட குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழை பெய்து, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அங்கே தேங்கி நிற்கிற தண்ணீரைத்தான் குடிக்கிறோம், குளிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் துவாரமும். மேலே மண்ணும் பல இடங்களில் ஆழமில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுகிற யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்று மண்ணில் ஒட்டி நிற்காது, தண்ணீரோடு கரைந்து கீழே போகும். மலசலகூடக் குழிகளில் இருந்தும் அதே பொருள் அதே வழியால் இறங்கும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கிறதென்று 1980களில் இருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். நாங்கள் பிறக்க முந்தியே தெரிந்த விஷயம். ஆனால் எங்கட வீட்டுக் கிணற்றில் எவ்வளவு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. எங்கட ஆட்கள் தண்ணீரை நாக்கால்தான் தரம் பிரிப்பார்கள். உவர்த் தண்ணி, நல்ல தண்ணி. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாக்கு "நல்ல தண்ணி" என்று சொல்லும் கிணற்றிலும் அது நிறைய இருக்கலாம்.

வளர்ந்தவர்களைவிடக் கைக்குழந்தைகளுக்குத்தான் இதில் ஆபத்து. ஆறு மாசத்துக்குட்பட்ட பிள்ளைக்கு நைத்திரேற்றுக் கூடிய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் காவும் சக்தி குறைந்துபோகலாம். உதடும் நகமும் நீலம் பாயும், கடுமையானால் உயிருக்கே ஆபத்து. 1945 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கொம்லி என்ற வைத்தியர்தான் தோட்டக் கிணற்றுத் தண்ணீரையும் நீலம் பாய்ந்த குழந்தைகளையும் தொடுத்து முதன்முதலில் எழுதினார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

ஒழுங்காகச் செய்யவேண்டும் என்றுதான் தொடங்கினோம். ஒரு ஆய்வுகூடத்துக்குப் போய், மாதிரி கொண்டுவந்தால் சோதித்துத் தருவீர்களா என்று கேட்டோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். "உங்கட சுப்பவைசர் ஆர்? கடிதம் கொண்டு வாங்கோ." எங்களுக்குச் சுப்பவைசர் இல்லை. எங்கட பாடத்திட்டத்தில் கிணறே இல்லை. திரும்பி வந்து ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, தெரிந்த ஒருவர் மூலம் ஒரு குப்பி ரெஸ்ற் ஸ்ரிப் எடுப்பித்தோம். தண்ணீரில் தோய்த்து ஒரு நிமிஷம் பொறுத்தால் நுனி ரோசாவாக மாறும். குப்பியில் ஒட்டியிருக்கிற நிற அட்டையோடு ஒப்பிடவேண்டும். அட்டையில் 0, 1, 2, 5, 10, 20, 50 என்று கட்டங்கள்.

வலிகாமத்தில் ஒரு ஊரைத் தெரிந்தெடுத்தோம். எங்களில் ஒருவனின் அம்மம்மா ஊர். 27 கிணறு. ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுத்தான் எடுத்தோம். போத்தலை அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசினோம். மலசலகூடக் குழி எத்தனை அடி, தோட்டம் எத்தனை அடி, கடைசியாக எப்போது பசளை போட்டது, எல்லாம் கொப்பியில். ஒரு ஸ்ரிப்பை இரண்டு பேர் தனித்தனியே பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதினோம். ஞாயிற்றுக்கிழமைகள் மூன்று போனது. சொன்னால் நம்பமாட்டீர்கள், உயர்தரம் படித்த அந்த வருஷங்களில் ஒரு நாளும் வராத சந்தோஷம் அந்த மூன்று ஞாயிறுகளில் வந்தது.

முடிவு இன்னும் சந்தோஷம். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எங்கட 27 கிணற்றில் ஆகக் கூடியது 20. பதினொரு கிணற்றில் 20, ஒன்பதில் 10, மிச்சம் ஏழில் 5 அல்லது அதுக்குக் கீழே. ஒன்றுகூட எல்லையைத் தொடவில்லை.

வீடு வீடாக அங்கேயே சொல்லிவிட்டு வந்தோம். படலையைத் திறந்த அந்த அம்மா வீட்டிலும் சொன்னோம். அங்கே அவவின் மகளுக்கு இரண்டரை மாசக் கைக்குழந்தை. தாய்ப்பால் காணாதென்று மாப்பாலும் கொடுக்கிறார்கள். "கொதிக்கவைச்சுத்தான் பிள்ளை குடுக்கிறம்" என்றா அம்மா. ஸ்ரிப் 20 காட்டியது.

"ஒண்டுக்கும் பயமில்லை அம்மா. அம்பதுக்குக் கீழதான்" என்றோம்.

"கம்பஸ் பிள்ளையள் சொன்னாச் சரிதானே" என்று சொல்லி எங்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்தா. அதே கிணற்றுத் தண்ணீர்.

அதுக்குப் பிறகு பதினாறாம் நாள். கொப்பியில் உள்ளதை அட்டவணையாக்கும் வேலை கணக்கியல்காரிக்கு. இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் ஒரு கேள்வி போட்டாள்:

"தலைப்பில என்ன போடுறது? ரூபாயோ, ஆயிரம் ரூபாயோ?"

எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கப்படுத்தினாள். கம்பனிக் கணக்கு அறிக்கைகளில் நிரலுக்கு மேலே "ரூ. '000" என்று போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் கீழே 20 என்று வாசித்தால் இருபது ரூபாய், பார்த்து வாசித்தால் இருபதாயிரம். இலக்கத்துக்கு மேலே அலகு எழுதாமல் அவளால் ஒரு நிரலும் போடமுடியாது. அது அவளுக்குப் பழக்கம். "மில்லிகிராம் எண்டு தெரியும். எதின்ர மில்லிகிராம்?"

ஐரிக்காரன் குப்பியை எடுத்து ரோர்ச் அடித்துப் பார்த்தான். நிற அட்டைக்குக் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில், "நைத்திரேற்று-நைதரசனாக" என்று ஆங்கிலத்தில் இருந்தது.

விஷயம் இதுதான். ஒரு நைத்திரேற்றில் ஒரு நைதரசனும் மூன்று ஒட்சிசனும். நைதரசனின் நிறை 14, முழு நைத்திரேற்றின் நிறை 62. எங்கட ஸ்ரிப் நைதரசனை மட்டும் எண்ணிச் சொல்கிறது. 50 என்ற எல்லையோ முழு நைத்திரேற்றுக்கு. ஒன்றை மற்றதாக்க 62 ஐ 14 ஆல் வகுத்த 4.43 ஆல் பெருக்கவேண்டும்.

20 ஐ 4.43 ஆல் பெருக்கினால் 88.6.

பதினொரு கிணறும் எல்லைக்கு மேலே. 10 காட்டிய ஒன்பதும் 44 இல், எல்லைக்கு அருகில். "பயமில்லை" என்று நாங்கள் சொன்ன வீடுகளில் ஒன்றில் இரண்டரை மாசக் குழந்தை. இப்போது மூன்று மாசம். பதினாறு நாளாக அந்தத் தண்ணீரில் மாப்பால்.

குழுவில் கனநேரம் ஒருவரும் எழுதவில்லை. பிறகு எழுதியவை எல்லாம் எங்கட நல்ல பக்கத்தைக் காட்டுகிறவை என்று சொல்லமாட்டோம். "அந்தத் தண்ணியைத்தானே அந்த ஊரே குடிக்குது, ஒண்டும் நடக்கேல்லையே" என்று ஒருவர். "நாங்கள் போகாட்டியும் அவையள் அதைத்தானே குடுத்திருப்பினம்" என்று இன்னொருவர். உண்மைதான், நாங்கள் போகாவிட்டாலும் கொடுத்திருப்பார்கள். ஆனால் நாங்கள் போனபிறகு, பயமில்லை என்று தெரிந்துகொண்டு கொடுக்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. அந்த வித்தியாசத்தை எங்களில் ஒருத்தி எழுதின பிறகு, போகிறதா விடுகிறதா என்ற கதை முடிந்தது. எப்போது போகிறது என்பதுதான் மிச்சம். அந்த வீட்டு ரெலிபோன் இலக்கம் எங்களிடம் இல்லை. அதையும் நாங்கள் வாங்கியிருக்கவில்லை. அம்மம்மாவுக்கு இரவே கோல் எடுத்து, "அந்த வீட்டில சொல்லுங்கோ, பிள்ளைக்குக் கிணத்துத் தண்ணியில பால் கரைக்கவேண்டாமாம், விடியத் தாங்கள் வருவினமாம்" என்று சொல்லுவித்தோம்.

விடிய ஆறரைக்கு அந்தப் படலையில் நின்றோம். திறந்தது அம்மா இல்லை, குழந்தையின் அப்பா. இரவு நித்திரை கொள்ளாத முகம். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அழுகைச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு நிம்மதி எங்களுக்கு அதுக்கு முந்தி வந்ததில்லை.

எல்லாவற்றையும் சொன்னோம். அளவில் பிழைவிட்டதைச் சொன்னோம். அதோடு, கேட்காமலே, "நாங்கள் கம்பஸும் இல்லை அண்ணை. எச்என்டி" என்றோம்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "அப்ப முதல் சொன்னதும் பிழை, கம்பஸ் எண்டதும் பொய். இப்ப சொல்லுறதை நான் என்னெண்டு நம்புறது?" என்று கேட்டார்.

அதைவிட நல்ல கேள்வியை எங்கட படிப்பில் ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. பதில் எங்களிடம் ஆயத்தமாக இல்லை. ஐரிக்காரன்தான் கூடைக்குள் இருந்த குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தான். "எங்களை நம்பவேண்டாம் அண்ணை. நீங்களே வாசிச்சுப் பாருங்கோ." அவர் வெளிச்சத்துக்குப் பிடித்து அந்தச் சின்ன எழுத்தை வாசித்தார். 62 ஐயும் 14 ஐயும் சொன்னோம். தன்ர போனில் தானே தட்டினார். 88.6 வந்தது. கொஞ்சநேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆற்ற கிணறு நல்லது?"

ஐந்துக்குக் கீழே காட்டிய ஏழு கிணற்றில் ஒன்று நாலு வளவு தள்ளி, அவரின்ர சித்தப்பா வீடு. எங்களோடு வந்தார். தானே வாளியை விட்டு அள்ளினார். ஸ்ரிப்பைத் தானே தோய்த்தார், போனில் ஒரு நிமிஷம் பார்த்தார், அட்டையோடு ஒப்பிட்டார். இரண்டு என்றார். "நாலு தசம் நாலு மூண்டால பெருக்கினா ஒன்பது." அதையும் எங்களுக்கு முந்தி அவரே சொன்னார். கானை நிரப்பிக்கொண்டு போனார். போகும்போது எங்களைப் பார்த்துத் தலையாட்டினாரா இல்லையா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம்.

அன்றைக்கே குடும்பநல உத்தியோகத்தர் வந்து குழந்தையைப் பார்த்தா. பிள்ளை சுகம். பால் மட்டும் அந்தத் தண்ணீரில் வேண்டாம் என்றா. தாய் அந்தத் தண்ணீரைக் குடித்தால் தாய்ப்பாலுக்குள் போகுமோ என்று அம்மா கேட்டா. அதுக்குப் பயப்படத் தேவையில்லை, தாய்ப்பாலை நிற்பாட்டவேண்டாம் என்று விளங்கப்படுத்தினா. மிச்சப் பத்து வீட்டுக்கும் இரண்டு நாளில் போனோம். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு ஐயா சிரித்தார்: "என்ர அப்பு உந்தத் தண்ணியை எண்பது வயசு மட்டும் குடிச்சவர்." அவர் சொன்னதும் பிழையில்லை. வளர்ந்த ஆளுக்கும் கைக்குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னோம். "இஞ்ச குழந்தையே இல்லையே" என்றார். பிறகு, "மருமகள் ஆவணியில வருவாள், அப்பப் பாப்பம்" என்றார்.

எங்கட நிறுவனத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற மிஸ் ஒருவரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினோம். அவ விஞ்ஞானம் படித்தவ இல்லை. கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினா. "இதில எங்க பிழை விட்டியள் எண்டதை எழுதியிருக்கிறியளோ?" என்று கேட்டா. இல்லை. "அதை முதல் எழுதுங்கோ" என்றா. பிறகு கடிதம் தந்தா. அந்தக் கடிதத்தோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனோம். அவர் மூலம் அந்த வீட்டுக் கிணற்றின் மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போனது. கன நாளைக்குப் பிறகு வந்த முடிவு 76. ஸ்ரிப் சொன்ன 89 இல்லை. ஸ்ரிப் மட்டுமட்டாகத்தான் சொல்லும் என்பதையும் படித்தோம். எல்லைக்கு மேலே என்பதில் மாற்றமில்லை.

இப்போது அக்கா சொன்ன வசனத்துக்கு வருவோம்: "வகுப்புக்குள்ளயே ஆய்வு வைச்சபடியாத்தான் எனக்கு இது கிடைச்சது."

எங்களுக்கு இல்லாதது ஆய்வுகூடம் என்றுதான் முதலில் நினைத்தோம். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஸ்ரிப் வாங்கக் காசு கண்டுபிடித்தோம், சைக்கிள் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இருந்தது. முதல் கிழமையே கொப்பியைப் பார்த்து "இது எதின்ர மில்லிகிராம்?" என்று கேட்க ஒரு ஆள்தான் இருக்கவில்லை. அங்கே கொமியூனிற்றி கொலிஜ் மாணவர்களுக்கு வகுப்புக்குள் கிடைப்பது அந்த ஆள்தான். வெள்ளை அங்கியும் இயந்திரங்களும் அதுக்குப் பிறகுதான். பிழை ஒரு குழந்தையின் பால்போத்தல் வரைக்கும் போகமுந்தி மேசையிலேயே பிடித்துவிடுகிற ஆள். எங்களை அன்றைக்குக் காப்பாற்றியது கணக்கியல் வகுப்பில் படித்த ஒரு பழக்கம். அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஆய்வு செய்யக்கூடாது.

வகுப்புக்கு வெளியே வைத்தால் நேரமும் காசும் உள்ளவர்தான் செய்வார். எங்கட நிறுவனத்திலும் பின்னேரம் கடையில் நிற்கிற, ரியூசன் குடுக்கிற, தங்கச்சியைப் பாடசாலையால் ஏற்றப் போகிற பிள்ளைகள்தான் கூட. எங்களோடு சேர ஆசைப்பட்டு வரமுடியாமல் போனவர்கள் மூன்று பேர். கிழமையில் ஒரு பாடவேளையை ஒரு உண்மையான கேள்விக்கு ஒதுக்கினால் அந்த மூன்று பேரும் வந்திருப்பார்கள். கணக்கியலுக்குக் கணக்கியல் கேள்வி இருக்கிறது: ஒரு ஊரில் நுண்கடன் எடுத்த குடும்பங்கள் உண்மையில் எத்தனை வீத வட்டி கட்டுகின்றன? ஐரிக்கு ஐரிக் கேள்வி. சுற்றுலாப் படிக்கிறவருக்கு அவரின்ர கேள்வி. இதுக்கு வைரஸும் தேவையில்லை, நியூயோர்க்கும் தேவையில்லை.

அங்கே எல்லாம் திறம் என்றும் சொல்ல வரவில்லை. அந்தக் கோடைகாலத் திட்டத்துக்கு அமெரிக்கப் பிரஜையாகவோ நிரந்தர வதிவுள்ளவராகவோ இருக்கவேண்டும். எல்லாத் தகுதியும் இருந்தும் வாடகைக்காக அக்கா போகவில்லை. ஆனால் "நீங்கள் இரண்டு வருஷப் படிப்புத்தானே, உங்களுக்கு ஏன் ஆய்வு?" என்ற கேள்வியை அங்கே சிலர் கேட்காமல் விட்டிருக்கிறார்கள். எங்கட இடத்தில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது நாங்களேதான். படலையடியில் "ஓம்" என்று சொன்னபோது அதைத்தான் சொன்னோம்: எச்என்டிப் பிள்ளைகள் கிணறு பார்க்க வந்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று நாங்களே முடிவெடுத்துவிட்டோம். கம்பஸ் என்ற பெயரைக் கடன் வாங்கினோம், அந்தப் பெயருக்குக் கிடைத்த நம்பிக்கையில் பிழையான இலக்கத்தைக் கொடுத்தோம். பெயரைச் சொல்லாமல் குப்பியைக் கையில் கொடுத்திருந்தால், அந்த அண்ணை முதல் நாளே சின்ன எழுத்தை வாசித்திருக்கவும் கூடும்.

27 கிணறு குடாநாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒரு ஊரைப் பற்றிக்கூட முழுதாகச் சொல்லாது. மாரி மழைக்குப் பிறகு அளவு எப்படி மாறுகிறது என்று பார்க்க அதே கிணறுகளுக்குத் திரும்பப் போகிறோம். இந்த முறை மிஸ் எங்கட சுப்பவைசர். கொப்பியின் முதல் பக்கத்தில் எங்கட பிழை எழுதியிருக்கிறது, ஒவ்வொரு நிரலுக்கு மேலும் அலகு இருக்கிறது, ஒவ்வொரு வீட்டு ரெலிபோன் இலக்கமும் இருக்கிறது. உங்கட ஊரில் இதைத் தொடங்க நினைத்தால் இந்த மூன்றையும் முதல் நாளே செய்யுங்கள். ஸ்ரிப் வாங்கினால் குப்பியில் உள்ள சின்ன எழுத்தை வாசியுங்கள். எல்லைக்கு மேலே கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். எல்லைக்குக் கீழே கண்டாலும் "பயமில்லை" என்ற சொல்லை உங்கட வாயால் சொல்லாதீர்கள்.

போன கிழமை அந்த வீட்டுப் பக்கம் போனோம். அம்மா பக்கத்து வீட்டு ஆளோடு வேலியடியில் கதைத்துக்கொண்டு நின்றா. எங்களைக் கண்டதும், "இந்தா, கம்பஸ் பிள்ளையள் வருகினம்" என்றா.

"இல்லை அம்மா. எச்என்டி" என்றோம்.

"ஓ, அதுதான். கிணறு பாக்கிற பிள்ளையள்" என்று பக்கத்து வீட்டாளுக்குச் சொன்னா. "உங்கட கிணத்தையும் பாப்பியுங்கோ. பாக்கேக்க பக்கத்தில நிண்டு பாருங்கோ."